காய்க்குள் நடக்கிற நடை

போடிநாயக்கனூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள பவதாரணிக்கு,

அம்மா எழுதுவது. போன வாரம் உன் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்த மிஷினுக்குள்ள நடக்கிறது நானா, மிஷினா? இத்தனை வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், விசை என்றும் வேலை என்றும் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவள், எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே அவரிடமும் சொன்னேன். நீ அங்கே சௌக்கியமாக இருக்கிறாயா? இங்கே இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், மாத்திரை தவறுவதில்லை, ரத்த அழுத்தம் சொன்ன அளவுக்குள் நிற்கிறது. நலம் என்ற சொல்லுக்கு இவ்வளவு போதுமென்றால் நாங்கள் நலம்.

தினமும் வீடியோவில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நீ வீடியோவில் பார்க்கிற அப்பா வேறு. நீ கூப்பிடும் நேரம் நெருங்கினால் தலை சீவிவிடச் சொல்லுவார், சட்டை மாற்றச் சொல்லுவார், இடது கை படத்தில் விழாதபடி போனைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுவார். போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். பிடித்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பேச வாய்ப்பு கிடைக்காது, கிடைத்தாலும் அவர் காதுபடப் பேசக்கூடிய விஷயமில்லை. இந்த வீட்டில் அவருக்குக் கேட்காத இடம் என்று ஒன்று இப்போது கிடையாது. அவர் தூங்கும் நேரத்தில் சமையலறை மேடையில் வைத்து இதை எழுதுகிறேன். மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது, போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை.

அந்த மிஷினைப் பற்றி நீ அங்கிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தபோதே எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. நீ மனம் நோவாய் என்று சொல்லாமல் விட்டேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் உன் அப்பாதான் துடித்தார். வாரத்துக்கு இரண்டு தடவை, புதனும் சனியும், டிரைவர் பாண்டியராஜனின் காரில் போய் வருகிறோம், ரயில் நேரம் நமக்குத் தோதுப்படுவதில்லை. முதலில் இடுப்பையும் மார்பையும் சேர்த்து ஒரு பட்டைச் சட்டை மாதிரி கட்டுகிறார்கள், மேலேயிருந்து கயிறு இறங்கி அதைப் பிடித்துத் தூக்குகிறது. பிறகு தொடையிலும் கெண்டைக்காலிலும் இரும்புக் கால்களை வைத்துப் பூட்டுகிறார்கள். கீழே ரப்பர் பாதை ஓட ஆரம்பித்ததும் இரும்புக் கால் மடங்கி நீள்கிறது, அதோடு சேர்ந்து உன் அப்பா காலும் மடங்கி நீள்கிறது. எதிரே ஒரு டிவி. அதில் இவரைப் போல ஒரு பொம்மை ஏதோ வெளிநாட்டுப் பூங்காவில் நடந்துகொண்டே இருக்கும். முதல்நாளே உன் அப்பா, என்ன ஆத்தா இது, ஒரு மேடு கிடையாது ஒரு பள்ளம் கிடையாது, ஒரு அட்டைப்பூச்சி கூட இல்ல, இதெல்லாம் ஒரு தோட்டமா என்று பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டார். அவள் பெயர் முத்துப்பிரியா, விருதுநகர்ப் பக்கத்துப் பெண், உன் வயதுதான் இருக்கும். அடுத்த தடவை உங்களுக்கு மட்டும் அட்டை விடச் சொல்றேன்ப்பா, இப்ப நிமிந்து பாருங்க என்றாள். அவர் சிரித்தார். எனக்குத் தெரிந்து பக்கவாதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் நிமிர்ந்து நிற்பதைப் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அது அவருடைய நடை இல்லை. அவருக்கு முன்னால் மிஷினில் ஏறிய பெரியவருக்கும் அதே நடை, பின்னால் ஏறிய, பேங்கில் வேலைபார்த்த அம்மாளுக்கும் அதே நடை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டால் யார் நடக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. இதை யாரிடம் சொல்வது? அங்கே காத்திருக்கிறவர்கள் எல்லாம் மிஷினைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருத்தி நடை சரியில்லை என்று சொன்னால் நன்றாக இருக்குமா?

சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் நடக்கிற உன் அப்பா போடியில் நடப்பதில்லை. உன்னிடம் அவர் தினமும் வாக்கர் பிடித்து வாசல் வரை போய் வருவதாகச் சொல்லுகிறார் இல்லையா, அது பொய். வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டு காயப்போடுகிற கம்பியாக நிற்கிறது. நான் சொல்லிப் பார்த்தேன். அங்க நிமிந்து நடந்துட்டு இங்க வந்து இந்தக் கம்பியப் பிடிச்சு நண்டு மாதிரி நகரணுமா, போ ராணி, உனக்குச் சோலி இல்லையா என்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே முகம் தெளிந்துவிடும், மறுநாள் மதுரை. வியாழக்கிழமை மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். திரும்பும்போது காரில் ஆண்டிபட்டி கணவாய் வருவதற்குள் தூங்கிவிடுவார். அந்த மிஷினோடு அவர் பேசுகிற அளவுக்கு என்னோடு பேசுவதில்லை. போடா, இன்னும் கொஞ்சம் தூக்கு, அப்படித்தான் என்று அதை அதட்டுவார், கொஞ்சுவார். நான் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மிஷின் காலுக்கு ஞாபகப்படுத்தத்தான் முடியும் மேடம், மற்றதை அவர்தான் செய்ய வேண்டும், வீட்டில் தரையில் கால் வைக்கவே இல்லையென்றால் இது ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டிவிடுவதுபோலத்தான் என்றார். வருகிற புதன்கிழமை மிஷினில் ஏற்றாமல் வெறும் தரையில் நடக்க வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். அவராக ஒரு காலாவது எடுத்து வைக்க முயன்றால் தொடரலாம், இல்லையென்றால் மிஷினை நிறுத்திவிட்டு வீட்டோடு செய்கிற பயிற்சிக்கு மாற்றிவிடலாம், காத்திருக்கிறவர்கள் நிறைய என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஒன்றையும் எடுத்துவிட்டால் உன் அப்பா எதற்காகக் கண் விழிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நாளைக் காலை பலகாரம் ஆனதும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

அவர் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மிஷினின் உதவியைக் கூட்டலாம், குறைக்கலாம். முத்துப்பிரியா குறைத்துப் பார்க்கும்போதெல்லாம் இடது பாதம் எழும்பாமல் ரப்பர் பாதையில் உரசும், உடனே மிஷின் கத்திக்கொண்டு நின்றுவிடும். இழுக்கக் கூடாதுப்பா, தூக்கி வைக்கணும் என்பாள். இவர், ஆத்தா, இது காய்க்குள்ள நடந்து பழகின காலு, தூக்கி வச்சா காய் உடைஞ்சிரும்ல என்பார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நம் வீட்டுப் பின்கட்டு ஹாலில் ஏலக்காயைப் பரப்பியிருக்கும்போது யாரும் காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள், பாதத்தைத் தரையோடு தேய்த்துக் காயை விலக்கிக்கொண்டுதான் போவார்கள் என்று நான் விளக்கினேன். நீயும் நடக்கப் பழகியதே அந்தக் காய்க்குள்தான், உன் கூட்டாளிகள் வீட்டுக்குப் போனாலும் அப்படியே தேய்த்துக்கொண்டு நடந்து கேலிக்கு ஆளாவாய். முத்துப்பிரியா தலையாட்டினாள். பழக்கம் இரண்டு காலுக்கும்தானே, வலது கால் மட்டும் எப்படி ஒழுங்காக எழும்புகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவர் சொன்னது சாக்கு என்றுதான் நினைத்தேன். அந்தப் பழக்கம்தானே அன்றைக்கும் எங்களை ஏமாற்றியது. நோய் வந்த அன்று காலையில் அவர் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனதை ஹாலில் காய் பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மொதலாளிக்கு ரோட்டுலயும் காய் பரப்பிக் கிடக்குபோல என்று சிரித்தார்களாம், அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். கையும் தொங்கிய பிறகுதான் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

மற்ற சமாச்சாரம். மலைத் தோட்டத்தில் இந்த வருடம் காய் பரவாயில்லை. உன் சித்தப்பா சீனிச்சாமிதான் மேலேயும் கீழேயும் ஜீப்பில் ஓடிக்கொண்டிருக்கிறார். காய் ஏலம் விடுகிற இடத்துக்கும் அவரே போகிறார், வந்து அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொல்லுகிறார், உன் அப்பா கேட்டுக்கொண்டு உம் என்கிறார், அவ்வளவுதான். தேவாரத்தில் உன் பெரியத்தை தோப்பில் யானை இறங்கித் தென்னங்கன்றுகளை மிதித்துவிட்டுப் போயிற்று, ஆளுக்கு ஒன்றும் இல்லை. நான் கல்லூரியில் விடுப்பை நீட்டித்திருக்கிறேன். வகுப்பு ஞாபகம் வருகிறது. பகலில் ஹாலில் காய் பிரிக்கிற பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நான் கதவருகே போனால் பேச்சு நின்றுவிடும். காளீஸ்வரி மட்டும்தான், வாங்க டீச்சரம்மா, என்ன வேணும் என்பாள். எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை, சும்மா வந்தேன் என்று சொல்ல வரவில்லை, டீ போடவா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். நான் கலகலவென்று பேசத் தெரிந்தவளாக இருந்திருக்கலாம். சாயங்காலம் அவர்கள் போனதும் வீடு நிசப்தமாகிவிடும். வருகிறவர்கள் எல்லாம் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதும் அதுதான்.

வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று நீ கேட்டதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், அதில் மாற்றமில்லை. விடுமுறை கிடைத்தால் தை மாதம் வந்துவிட்டுப் போ. குளிருக்குக் காதை மூடிக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே, ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல் கொஞ்சம் சோறு வடித்துக்கொள். அப்பா எழுந்துவிட்டார், கூப்பிடுகிறார். நாளைக்குச் சொன்ன பிறகு என்ன நடந்தது என்று கீழே இரண்டு வரி எழுதித் தபாலில் போடுகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம்

இரண்டு வரியில் முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ அதற்கு மேல் எதையும் சேர்த்துக்கொள்ளாதே. விடிந்ததும் போடிமெட்டிலிருந்து உன் சித்தப்பா லோடு கொண்டுவந்தார். வழியெல்லாம் மழை, தார்ப்பாய் ஒரு பக்கம் விலகி அடிமூட்டைகளில் ஈரம் ஏறிவிட்டது. காய் நிறம் மாறிவிடும் என்று அவசர அவசரமாக ஹால் முழுக்கக் கொட்டிப் பரப்பி எல்லா ஃபேனையும் போட்டுவிட்டார்கள். மூட்டை விழுகிற சத்தம் கேட்டதும் உன் அப்பாவுக்குக் கட்டிலில் இருப்புக்கொள்ளவில்லை. என்னைக் கொண்டுபோய் விடு, வெரசா என்றார். வீல் சேரில் உட்காரவைத்து ஹால் வாசற்படியருகே நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதைப் பலகாரத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாலை அடுப்பில் வைக்கப் போனேன்.

அங்கிருந்து எனக்குப் பேச்சு மட்டும்தான் கேட்டது. கற்பகம் என்று புதிதாக வந்த பெண் ஒருத்தி, பழக்கமில்லாமல் காய் மேல் குதிகாலை ஊன்றி நடந்துவிட்டாள். படபடவென்று காய் வெடித்த சத்தம் எனக்கே கேட்டது. ஏய், யாரது, கண்ணு எங்க இருக்கு, காய்க்குள்ள நடக்கிற நடையா இது என்று உன் அப்பா சத்தம் போட்டார். நோய்க்கு முந்திய குரல். உடனே காளீஸ்வரி, அவ நேத்து வந்த புள்ள மொதலாளி, உக்காந்த இடத்துல இருந்து கத்துனா அவளுக்கு வந்துருமா, எந்திரிச்சு வந்து நடந்து காட்டுங்க, ஏன், மதுரையில மட்டும்தான் நடப்பீகளோ, எங்க போடித் தரை ஆகாதோ என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. நோயாளியிடம் பேசுகிற பேச்சா இது, போய்க் கேட்டுவிட வேண்டும் என்று அடுப்பைத் தணிக்கப் போனேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. காய் ஒன்றோடொன்று உரசி விலகுகிற சத்தம், சர்ர்ரென்று நீளமாக ஒன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குட்டையாக, திக்கித் திக்கி இன்னொன்று. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டுவருகிற சத்தம் பவா. அடுத்த அறையில் இருந்துகொண்டே, இது அவர், இது சீனிச்சாமி, இது வேறு யாரோ என்று சொல்லிவிடுவேன். இது அவர். பால் பொங்கி வழிந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

நான் போனபோது வலது கையால் காளீஸ்வரியின் தோளைப் பிடித்தபடி ஹாலுக்குள் நின்றுகொண்டிருந்தார். அவள் நட்ட கல்லாக நின்றாள், அவர் நகரும்போது மட்டும் கூடவே காலைத் தேய்த்து நகர்ந்தாள், முகம் வெளிறியிருந்தது, வாய் மட்டும் பாத்து மொதலாளி, பாத்து என்று முணுமுணுத்தது. வலது பாதம் காயை விலக்கிக்கொண்டு முன்னால் போயிற்று. இடது பாதத்தை அவர் தூக்கவில்லை, அங்கே தூக்க வேண்டியதும் இல்லை. இடுப்பிலிருந்து இழுத்தார், அது காயைத் தள்ளிக்கொண்டு கோணலாக வந்து சேர்ந்தது. நடுத்தூண் வரை இப்படியே போனார். தூணைத் தொட்டதும் கால் மடங்க ஆரம்பித்தது. நான் பதறிப்போய் வீல் சேரைக் காய் மேலேயே தள்ளிக்கொண்டு ஓடினேன், சக்கரத்துக்கு அடியில் படபடவென்று அத்தனையும் நொறுங்கிற்று. அவர் விழப்போகிற நிலையிலும், ராணி, காய், காய் என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். எல்லாருமாகப் பிடித்து உட்காரவைத்தோம். சட்டை நனைந்துபோயிருந்தது. கற்பகம் அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, பாத்துக்கிட்டியா, இப்படித்தான் நடக்கணும் என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வீல் சேர் போட்ட நாசம் ஒரு பக்கம். அதற்குப் பக்கத்தில் பச்சைப் பரப்பின் நடுவே வாசற்படியிலிருந்து தூண் வரைக்கும், காளீஸ்வரியின் தடத்தை ஒட்டி, அவருடைய இரண்டு தடம், அடியில் சிமெண்டுத் தரை தெரிந்தது. வலது தடம் நேராகப் போயிருந்தது. இடது தடம் வளைந்து, ஓரிடத்தில் கிட்டத்தட்ட நின்றுபோய், மறுபடி தொடர்ந்து தூணடிக்கு வந்திருந்தது. உனக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று உள்ளே போய் போனை எடுத்து வருவதற்குள் காளீஸ்வரி குனிந்து கையாலேயே எல்லாவற்றையும் நிரவிவிட்டாள். என்ன டீச்சரம்மா அப்படிப் பாக்குறீங்க, காய் காய வேண்டாமா என்றாள். அவளைக் கேட்க நினைத்த எதையும் நான் கேட்கவில்லை. டீ போடவா என்றேன். போடுங்க, நானும் வாரேன் என்று கூடவே சமையலறைக்கு வந்தாள். டீ கொதிக்கும்வரை அவளே அடுப்பு மேடையில் வழிந்திருந்த பாலைத் துடைத்தாள்.

இதை வைத்து நீ மனக்கோட்டை எதையும் கட்டிக்கொள்ளாதே. வாசற்படியிலிருந்து தூண் எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். பாதத்தை இழுப்பது இழுப்பதுதான், முத்துப்பிரியா பார்த்தால் திருத்துவாள். அத்தனை நாள் மிஷின் நடக்கவைக்காமல் இருந்திருந்தால் இதுவும் நடந்திருக்குமா என்று தெரியாது. நடந்தது அவரா, காளீஸ்வரியின் தோளா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சத்தம் அவருடையது, அவ்வளவு மட்டும் சொல்லுவேன்.

பலகாரம் ஆனதும் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். மிஷினை நிறுத்தினாலும் நிறுத்திவிடுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான். வாக்கர் பக்கம் பார்த்தார். பிறகு, பாப்பாகிட்ட சொல்லிட்டியா என்றார். இல்லை என்றேன், இந்தக் கடிதம் அப்போது சமையலறை டப்பாவுக்கு அடியில் இருந்தது. சொல்லாத, புதன்கிழமை போயிட்டு வந்து நானே சொல்லிக்கிறேன், நல்லதோ கெட்டதோ என்றார். வாக்கர் மேல் காய்ந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டை மறுபடி அதன் மேல் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லாமல் தள்ளிக்கொண்டே போகிறார் என்றால், மறந்துவிடாதே, அவர் சொல்லும் நாளில் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள். நடுவில் என்னைக் கூப்பிடாதே, நான் போனைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

நீ நோய்நொடியில்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அம்மா,
மகாராணி